மேகம் தைத்த துணிகள்

துணி அறை
பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. இடது முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நானும் திருப்பி முறைக்கிறேன். உனக்கு எப்படி? வீட்டில் பெண்டாட்டி, பிள்ளை சுகமா? ஊருக்கெல்லாம் மின்சாரக் கம்பி இழுக்கிறீர்கள், உங்கள் கூடாரத்தில் ஒரு போன் பேச சிக்னல் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் நீ "ம்" கொட்டுவதைக் கேட்பதைவிட இப்படி எழுதினால் நானாவது முழுசாகப் பேசி முடிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிள்ளை மேகத்துக்குப் படிக்க இடம் கிடைத்துவிட்டது! ஆபரேஷன் நடக்கும் அறையில் கத்தி, கத்தரியெல்லாம் கொதிக்க வைத்து, எண்ணி, டாக்டர் கேட்குமுன் கையில் கொடுக்கிற படிப்பு. இரண்டு வருஷம். நூற்றுக்கணக்கில் மனு போட்டு முப்பது பேரை எடுத்தார்கள், அதில் ஒன்று நம்ம கழுதை. மே மாதம் அவளுக்குப் பதினெட்டு வயது முடிகிறது. அதற்குமேல் இந்தக் குழந்தைகள் இல்லத்தில் பிள்ளையாக இருக்க முடியாது, சட்டம் அப்படி. ஜூன் பத்தாம் தேதி அங்கே போய்ச் சேர வேண்டும். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கிப் படிக்கலாம்.

நான் இங்கே வந்து பதினான்கு வருஷமாகிறது. இருபத்திரண்டு பெண் பிள்ளைகளின் துணியும் படுக்கையும் என் பொறுப்பு. இல்லத்தை நடத்துகிற மேடம் அன்றைக்கே ஒவ்வொரு துணியிலும் நம்பர் போடச் சொன்னார். நம்பர் போட்டால் ஜெயில் மாதிரி இருக்கும் என்று நான்தான் படம் தைத்தேன். அதிகம் சாப்பிடுகிறவளுக்குப் பூசணிக்காய், கத்தி அழுகிறவளுக்கு ஒலிபெருக்கி, இவளுக்கு மேகம். படமே பெயராகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் செய்த வேலையைப் பார்த்தாயா!

நீ பத்திரம். போல்ட்டு நட்டை எண்ணுகிற வேலைதானே, ஸ்டோரை விட்டு வெளியே வராதே. அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாலே உனக்குச் சுற்றும்.

தலைசுத்தியின் அக்கா


கோபுர முகாம்
பிப்ரவரி 20

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிறகு முறை.

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல். பெரிய விஷயம். நூற்றுக்கணக்கில் முப்பது என்றால் சும்மா இல்லை.

இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது. காலையில் பருந்துகளின் முதுகு வெயிலில் பளபளக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பூசணிக்காய் புரிகிறது, ஒலிபெருக்கி புரிகிறது. மேகம் எதற்கு?

தம்பி


துணி அறை
மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

சுகம். சுகம்தானே? பருந்தின் முதுகை ஸ்டோரில் உட்கார்ந்து எப்படிடா பார்த்தாய்? மல்லாக்கப் பறக்கிற பருந்தா? உனக்குப் பகலிலேயே சுற்றுகிறது, போய் எலுமிச்சைச் சாறு குடி.

மேகம் எதற்கென்று கேட்டாயே. ஒன்பது வயதில் வந்தாள். வந்த முதல் வாரம் ஏழு நாளும் படுக்கை நனைந்தது. பிள்ளை கூனிக் குறுகி மூலையில் நின்றது. அந்தச் சங்கடத்தைப் போக்க நான்தான், "ஒண்ணுமில்லடி, மேகம் வந்தா மழை பெய்யத்தான் செய்யும்" என்றேன். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கே ஒரு வெள்ளை மேகம் தைத்தேன். பாவாடையில், துண்டில், போர்வையில், எல்லாவற்றிலும். புதிதாக வருகிறவர்கள் "ஏன் மேகம்?" என்று கேட்பார்கள், நான் கதையைச் சொல்வேன், எல்லாரும் சிரிப்போம். அவளும்தான்.

ஆனால் இப்போது இரண்டு தலைவலி. ஒன்று, யாரோ தையலைப் பிரிக்கிறார்கள். அவள் துணியில் மட்டும். மேகம் இருந்த இடத்தில் ஊசி ஓட்டை மட்டும் மிச்சம். நானும் விடாமல் திரும்பத் தைக்கிறேன். பொறாமை பிடித்த கழுதை எது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

இரண்டாவதுதான் பெரிது. மேகம் படிப்புக்குப் போகமாட்டேன் என்கிறாள். போன ஞாயிறு அவள் மெத்தையின் பிளாஸ்டிக் ஷீட்டைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் போகலை பெரியம்மா."

"எங்க போகலை?"

"அங்கதான். இங்கயே உங்களோட துணி துவைக்கிறேன். மேடம் பின்கட்டு ரூமைத் தரேன்னு சொல்லிட்டாங்க."

"ஏன்டி, பைத்தியமா உனக்கு?"

"போகலை. அவ்வளவுதான்."

மேடம் கேட்டார், டீச்சர் கேட்டார், அவர்களுக்கும் இதே பதில்தான். உன்னிடம் மறைப்பானேன், "உங்களோட" என்று அவள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் இனித்தது. பெற்றவளா நான்? இருந்தாலும் இனித்தது. அது தப்பு என்றும் தெரிகிறது. இந்த மாதிரி இடம் இன்னொரு தடவை கிடைக்காது. என்ன செய்யட்டும், சொல்.

அக்கா


கோபுர முகாம்
மார்ச் 15

அக்காவுக்கு,

சுகம். இரண்டே கேள்வி.

அந்த பிளாஸ்டிக் ஷீட் இன்னும் ஏன் இருக்கிறது? கடைசியாக அது நனைந்தது எப்போது?

தம்பி


துணி அறை
மார்ச் 28

தம்பிக்கு,

சுகமா என்று கேட்கவும் மனம் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நாலு பக்கம் எழுதினால் நாலு வரி பதில். தபால் செலவுக்குக் கஞ்சத்தனமா, காகிதத்துக்கா?

இங்கே துவைக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. மூன்று நாளாகக் கையால் அலசுகிறேன். சமையல்காரி உதவிக்கு வந்தாள். அவள் பிழிந்த போர்வையைக் கொடியில் போட்டால் கொடியே தரையைத் தொடுகிறது. பூசணிக்காய்க்குக் காய்ச்சல் வந்து போனது. பின்சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.

ஷீட் ஒரு பாதுகாப்புக்குப் போட்டது. மெத்தை பாழாகக்கூடாதே. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்புகிறேன், தாயாக இருந்தாலும் இவ்வளவு பார்ப்பாளா? கடைசியாக எப்போது என்றெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. இருபத்திரண்டு மெத்தைக்கு ஞாபகம் வைக்க நான் என்ன கம்ப்யூட்டரா?

நீ மட்டும் என்னவாம்? பத்து வயதில் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏழாவது படியில் தலைசுற்றி, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கத்தினாயே, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கியது யார்? உன் கல்யாணத்தில் அதைச் சொன்னபோது பந்தலே சிரித்ததே!

தையலைப் பிரிக்கிறவள் அகப்பட்டுவிட்டாள். மேகமேதான். கையில் ஊக்கோடு பிடித்தேன். "ஏன்டி?" என்றேன். "சும்மா" என்றாள்.

அக்கா


துணி அறை
ஏப்ரல் 25

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபமென்றால் கோபம் என்று எழுது, அதையாவது படிப்பேன்.

படுக்கைப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறோம். எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று தினமும் எழுத வேண்டும். நேற்று பழைய நோட்டுகளை இறக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். அவள் பெயருக்கு நேரே கடைசியாக "நனைந்தது" என்று இருப்பது அவளுக்குப் பதினொரு வயதில். என் கையெழுத்துத்தான்.

ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இன்னும் ஷீட்டை எடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அவள் வருகிறாளா, இல்லையா என்று மே முப்பதுக்குள் மேடம் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டுமாம்.

பதில் போடு.

அக்கா


கோபுர முகாம்
மே 4

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கோபமில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன், இது நாலாவது.

நான் ஸ்டோரில் இல்லை அக்கா. ஸ்டோரில் இருந்தது முதல் நாலு மாதம்தான். ஆறு வருஷமாகக் கோபுரத்தில் ஏறுகிறேன். போன மாதம் ஆற்றைத் தாண்டிக் கம்பி இழுத்தோம். அக்கரையில் இருக்கும் கோபுரம் இருபது மாடி உயரம். உச்சியில் நின்று முதல் கம்பியை வாங்கி மாட்டியது நான். இப்போது எட்டு பேருக்கு நான்தான் மேஸ்திரி. பருந்தின் முதுகு அங்கிருந்து தெரிவதுதான்.

மேலே ஒரு நாளும் எனக்குச் சுற்றியதில்லை. ஆனால் இரண்டு வருஷம் முன்பு லீவில் வந்தேனே, உன் துணி அறைப் பரணில் பெட்டியை வைக்க ஸ்டூலில் ஏறினேன், ஞாபகமிருக்கிறதா? நீ கீழே நின்று, "டேய் தலைசுத்தி, மெதுவாடா" என்றாய். சுற்றியது அக்கா. இரண்டு அடி ஸ்டூல். சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

இதை உன்னிடம் ஏன் மறைத்தேன் என்றால், சொன்னால் நீ "உனக்கா?" என்று கேட்பாய். அந்த "உனக்கா"வைக் காதில் வைத்துக்கொண்டு மறுநாள் நான் ஏற முடியாது. என் பெண்டாட்டிக்குத் தெரியும். அவளையும் சொல்லவிடவில்லை.

நீ என்னைத் தூக்கி வளர்த்தவள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு வெளியே வர ஒரு வயதும் வழியும் கிடைத்தது. இங்கே யாருக்கும் அந்த ஏணிக் கதை தெரியாது, அதனால் ஏறினேன். அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் எப்படிப்பட்டவள் என்று அவளுக்குச் சொல்ல ஒன்பது வயதிலிருந்து நீ ஒருத்திதான் இருக்கிறாய். அதுவும் துணியிலேயே தைத்துச் சொல்லியிருக்கிறாய்.

திட்டினால் திட்டு. முட்டி எப்படி இருக்கிறது?

தம்பி


துணி அறை
மே 15

அடப்பாவி தம்பிக்கு,

இருபது மாடி! கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது நான். சமையல்காரி ஓடிவந்து "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்கிறாள். "என் தம்பி மேஸ்திரியாயிட்டான்டி" என்று அழுகிறேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். திட்டத்தான் உட்கார்ந்தேன். வாயில் வந்ததெல்லாம் "உனக்கா?" என்ற வார்த்தைதான். சொல்லாமல் முழுங்கினேன். கசந்தது. இரு, உனக்குத் தனியாக ஒரு நாள் திட்டு இருக்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாள் மத்தியானம் மற்ற பிள்ளைகள் கோடை வகுப்புக்குப் போனபின் அந்த ஷீட்டை உருவி, கத்தரியால் நாலாக வெட்டி, குப்பையில் போட்டேன். பிறகு கொடியடியில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"உன் மெத்தையில இருந்த ஷீட்டை எடுத்துட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

"ஆறு வருஷமா காஞ்சுதானே கிடக்கு. நோட்டுல பார்த்தேன்."

"நோட்டுல பார்த்தாத்தான் தெரியுமா உங்களுக்கு?"

இந்தப் பெண் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை தம்பி. அன்றைக்கு உயர்த்தினாள்.

"தினமும் படுத்தா காதுக்கடியில சரசரன்னு கேக்கும். துவைக்கறவங்க நீங்க, நீங்களே எடுக்கலைன்னா, இன்னும் வரும்னுதானே அர்த்தம்? நீங்க பதினொரு மணிக்கு எழுப்பறதாலதான் வரலைன்னு நினைச்சுட்டிருந்தேன். அங்க எட்டு பேரு ஒரு ரூம்ல. அங்க யாரு என்னை எழுப்புவா? அங்க வந்துட்டா நான் என்ன செய்வேன்?"

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா சிரிப்பீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் நானும் சிரிக்கணும்."

"தப்பு என்னோடதுடி" என்றேன். அவள் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சொல்லாததும் சரிதான்.

சாயங்காலம் அவளே வந்தாள். "இனிமே என்னை எழுப்பாதீங்க. காலைல என் முகத்தைப் பாக்காதீங்க. கேக்கவும் கேக்காதீங்க" என்றாள். காலையில் அவள் முகத்தைப் பார்க்கிறேனாம்! தினமும் பார்த்திருக்கிறேன் போல, எனக்கே தெரியாது.

அன்றிலிருந்து காலையில் அவள் வரும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பல் விளக்குகிறேன். "என்னக்கா, சுவத்துல படம் ஓடுதா?" என்று சமையல்காரி கேட்கிறாள். ஐந்தாம் நாள் அவள் என்னைத் தாண்டிப் போகும்போது, "அஞ்சு" என்றாள். நான் திரும்பவில்லை. நுரையோடு சிரித்துச் சேலையெல்லாம் பற்பசை.

ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, "இஷ்டப்பட்ட படத்தை நீங்களே கேளுங்க" என்றேன். ஒலிபெருக்கி தனக்கு விமானம் வேண்டும் என்றாள். அவள் அப்படிக் கேட்க ஆசைப்பட்டு மூன்று வருஷமாம்! பூசணிக்காய் மட்டும் பூசணிக்காயே இருக்கட்டும், ஆனால் அதற்குக் கிரீடம் வேண்டும் என்றாள். கடைசியில் இவள் முறை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். வெறும் துணி போதும்" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஐம்பத்தொரு மேகத்தைப் பிரித்தோம். கையில் ஊக்கு வைத்துப் பிரிப்பதில் அவள் வேகம் எனக்கு வராது, எவ்வளவு பழக்கம்!

ஆனால் படிப்பு பற்றி அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பதாம் தேதிதான் கெடு. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது துணி பிழிவதைவிடக் கஷ்டம்.

மேஸ்திரியின் அக்கா


கோபுர முகாம்
மே 24

அக்காவுக்கு,

இங்கே சுகம். "மேஸ்திரியின் அக்கா" என்று நீ போட்ட கையெழுத்தை முகாமில் எல்லாருக்கும் காட்டினேன். ஒருத்தன், "உன் அக்கா என்ன பெரிய அதிகாரியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

உச்சியில் எடுத்த போட்டோ இத்துடன் இருக்கிறது. நடுவில் மஞ்சள் தொப்பி நான். ஒரு பெல்ட், இரண்டு கொக்கி மாட்டியிருக்கிறேன், ஆகவே மூச்சை விடு.

கேட்காமலே இரு.

தம்பி


துணி அறை
ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம், முட்டி உட்பட. போட்டோவைத் துணி அறையில் ஒட்டியிருக்கிறேன். முதலில் தலைகீழாக ஒட்டிவிட்டேன். எனக்கு எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை.

மே இருபத்தொன்பது, கெடுவுக்கு முதல் நாள். மேடத்தின் அறைக்குள் போனாள். கதவை மூடிக்கொண்டாள். நான் வெளியே ஒரே துண்டைப் பதினாறு தடவை மடித்தேன். வெளியே வந்தவள் என்னிடம், "பெரியம்மா, இருபது நாள்" என்றாள். பிறகு, "பூட்டு இருக்கிற பெட்டி ஒண்ணு வேணும்" என்றாள். நான் அந்தத் துண்டில் முகத்தை மூடிக்கொண்டேன்.

முந்தாநாள் பஸ் ஏற்றிவிட்டோம். மேடமும் சமையல்காரியும் இருபத்தொரு பிள்ளைகளும். பூசணிக்காய் அழுத அழுகையில் கண்டக்டர், "யாரும்மா, எல்லாரும் ஏறணுமா?" என்று கேட்டார். பத்திரமாக இரு, வேளைக்குச் சாப்பிடு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் சொல்ல ஒன்று நாக்கு நுனியில் வந்தது. ராத்திரி தண்ணீர் அதிகம் குடிக்காதே என்று. எட்டு வருஷப் பழக்கம், தானாக வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பெட்டிச் சாவி எங்கடி?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். என்னவோ புரிந்த மாதிரி சிரித்தாள். யாரும் சிரிக்க வைக்காமல் அவளாகச் சிரித்தது. சாவி கழுத்தில் தொங்கியது.

இரண்டு நாளாகச் செய்தி இல்லை. மேடம் அறையில் போன் இருக்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அக்கா


ஆஸ்பத்திரி விடுதி
ஜூன் 23

பெரியம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். உடனே எழுத முடியலை, நேரமே இல்லை.

எங்க அறையில எட்டு கட்டில். என்னோடது ஜன்னல் ஓரம். பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்துல பாடம் ஒப்பிக்கிறா, அதுவும் தப்புத் தப்பா. ஒரு தட்டுல ஐம்பத்திரண்டு கருவி இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி எண்ணணும், பின்னாடியும் எண்ணணும். ஒண்ணு குறைஞ்சாலும் டாக்டரே தைக்கக்கூடாது, நாங்க சரின்னு சொன்னாத்தான் மூடணும். நேத்து பயிற்சியில ஒரு கத்தரி குறையுதுன்னு சொன்னேன். எல்லாரும் இருக்குன்னாங்க. நான் இல்லைன்னேன். மறுபடி எண்ணினாங்க, இல்லை. கீழே துணியோட போயிருந்தது. சிஸ்டர் எல்லாருக்கும் முன்னாடி என் பெயரைச் சொல்லி, "இவ சொன்னா சரியா இருக்கும்"னாங்க.

ஞாயித்துக்கிழமை லீவு. பத்து மணி வரைக்கும் தூங்கிட்டேன். காலைச் சாப்பாடு போயிடுச்சு. அறையில எல்லாரும் கேலி பண்ணினாங்க, நானும் திருப்பிப் பண்ணினேன்.

நீலப் பாவாடையை விட்டுட்டு வந்துட்டேன், அனுப்பி வைங்க. விமானத்துக்கும் பூசணிக்காய்க்கும் சொல்லுங்க, நான் எழுதலைன்னு கோவிச்சுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நான்தான்


துணி அறை
ஜூன் 27

என் அன்புத் தம்பிக்கு,

சுகம் சுகம் சுகம். நீயும் அப்படியே இரு.

அவள் கடிதத்தை எழுத்துக்கு எழுத்து இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன், அசலைத் தரமாட்டேன். நன்றாகப் படி. நாலு தடவை தேடினேன், நாம் பயந்த அந்த விஷயத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை! ஞாபகமே இல்லை அவளுக்கு! கத்தரி தொலைந்ததை எழுதுகிறாள், பாவாடை கேட்கிறாள், பக்கத்துக் கட்டில்காரியைக் கேலி பண்ணுகிறாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தேன். "இவ சொன்னா சரியா இருக்கும்" என்ற இடத்தில் சமையல்காரி கரண்டியால் அண்டாவைத் தட்டினாள். பிள்ளைகள் தட்டைத் தட்டினார்கள். மேடம் "என்ன சத்தம்?" என்று வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டினார். நான் தட்டவில்லை. எனக்குப் பிடித்த வரி அதற்கு அடுத்து வந்தது, அதை மட்டும் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி வரைக்கும் தூங்கினாளாம்டா தம்பி. எட்டு பேர் இருக்கிற அறையில், யாரும் எழுப்பாமல், பத்து மணி வரைக்கும்!

அக்கா